குளக்கரையில் பிடிபட்டவர்

சென்ற வாரம் எங்கே விட்டோம்?

குளக்கரையில். பொழுது சாய்கிற நேரம். தண்ணீரில் இறங்கி நிற்கிறார் ஒருவர். பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்க்கிறார்.

கரையில் நாயக்கனின் ஆட்கள்.

அந்த இடத்தில் ‘தொடரும்’ போட்டதற்கு என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்த வாரம் அந்த மனிதரின் தலை நிற்குமா, உருளுமா என்று தெரியும்வரை நாம் எங்கும் நகரப்போவதில்லை.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வரி. ஊர் வேலூர். கோட்டையும் சிறைச்சாலையும் உள்ள வேலூருக்குப் போய்விடாதீர்கள். இது திண்டிவனம் பக்கத்து வேலூர், உப்புவேலூர். செஞ்சியில் ஆட்சி வேங்கடபதி நாயக்கனுடையது. ஆண்டு 1478 என்பது வழிவழிச் செய்தி. நாயக்கனுக்குப் பெரிய குடும்பத்துப் பெண் வேண்டும். ஒரு தரப்பாரைக் கேட்டான். சமணர்கள் முதலில் கொடுக்கட்டும், பிறகு நாங்கள் கொடுக்கிறோம் என்று நழுவினார்கள். சமணர்களைக் கேட்டான். ஒருவர் தன் பெண்ணைத் தருவதாக ஒப்புக்கொண்டார். நாள் குறித்தாயிற்று. நாயக்கன் பரிவாரத்தோடு வந்து இறங்கினான்.

வீட்டில் ஆள் இல்லை.

திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது.

அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த ஆணை. தன் சீமையில் சமணர் தலை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

அந்தத் திண்ணையைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அதிகாரத்தைக் காட்டிப் பெண் கேட்டது அக்கிரமம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டவனுடைய பிறப்பை எள்ளி நாயைக் கட்டியதும் கொடுமைதான். வேண்டாம் என்று சொல்ல முடியாத தகப்பன், தன் ஆத்திரத்தை அந்தத் தூணில் கட்டிவிட்டுப் போனான். அவன் தப்பிவிட்டான். தலை கொடுத்தவர்கள் யார்? அந்தத் திண்ணையைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள். ஊர் ஊராக.

மிஞ்சியவர்களுக்கு மூன்று வழி. சிலர் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனார்கள். சிலர் சைவத்துக்கு மாறினார்கள். இன்னும் சிலர் பூணூலைக் கழற்றிவிட்டு, நெற்றியில் நீறு பூசிக்கொண்டு, மனசுக்குள் அருகனை வைத்துக்கொண்டார்கள். நீறுபூசி வேளாளர் என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது. ஒரு கூட்டத்தின் பயம் முழுவதையும் அந்த ஒரு பெயருக்குள் அடைத்துவிடலாம்.

நம் ஆள் மூன்றாவது ரகம்.

இப்போது குளத்துக்கு வாருங்கள்.

ஒரு கேள்வி கேட்டிருப்பீர்கள். தலைக்கே ஆபத்து என்று தெரிந்தும் இந்த மனிதர் ஏன் குளத்துக்கு வந்தார்? வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வணங்கியிருக்கலாமே?

வணங்கியிருக்கலாம். ஆனால் மாலைக் கடன் என்பது சின்ன வயதிலேயே உடம்பில் ஏறிவிடுகிற பழக்கம். சமணர் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். இருட்டில் விளக்கைத் தேடி வரும் பூச்சி ஒன்று தெரியாமல் சோற்றில் விழுந்து சாகக் கூடாது. அதனால் பொழுது இறங்க இறங்க ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணக்கு இருக்கும். கை கால் கழுவுவது ஒரு நேரம். வணங்குவது ஒரு நேரம். உளவு பார்க்கிறவனுக்கு அதுவே போதும். இருட்டிய பிறகு எந்த வீட்டு அடுப்பில் புகை எழவில்லை என்று பார்த்தாலே ஆள் அகப்பட்டுவிடுவான். பழக்கம்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நெற்றி.

பகல் முழுக்க அந்த நெற்றியில் நீறு. தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்கான நீறு. குளத்தில் இறங்கி முகத்தில் தண்ணீரை அள்ளி விட்டதும் அது கரைந்து போகிறது. வெள்ளையாய் ஒரு கோடு கன்னத்தில் வழிந்து, தாடையில் நின்று, சொட்டுகிறது. நாள் முழுவதும் வேறு யாராகவோ இருந்தவர், ஒரு நாழிகைக்கு, தாம் தாமாக நிற்கிறார். அந்த ஒரு நாழிகைக்காக ஒருவர் எதையும் பணயம் வைப்பார் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

உதடு அசைகிறது. சமணர் தினமும் சொல்லும் ஐந்து வணக்கங்கள். அருகருக்கு ஒன்று. சித்தருக்கு ஒன்று. மூன்றாவது ஆசாரியருக்கு. நான்காவது உபாத்தியாயருக்கு. ஐந்தாவது சாதுக்கள் எல்லோருக்கும்.

கவனித்தீர்களா? ஐந்தில் இரண்டு வாத்தியார்களுக்கு. வழிகாட்டும் குருவுக்குத் தனியாக ஒன்று, ஏடு சொல்லிக்கொடுப்பவருக்குத் தனியாக ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எந்த வணக்கத்தில் கை குவிந்திருந்தபோது அவர்கள் அவரைப் பிடித்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றாவதிலோ நான்காவதிலோ என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

பிடித்தார்கள். ஈர வேட்டியோடு கரையேற்றினார்கள்.

செஞ்சிக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் பேருந்தில் போனவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். வயல்வெளியாகவே வந்துகொண்டிருக்கும். திடீரென்று பாறைகள் ஆரம்பிக்கும். யாரோ கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டியது மாதிரி உருண்டைப் பாறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அப்புறம் மலைகள். ராஜகிரி தனியாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். இன்று நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிற மதிலும் மண்டபமும் பெரும்பாலும் பின்னால் வந்த அரசர்கள் எழுப்பியவை. மலை மட்டும் அன்றைக்கும் இதே மலை. கை கட்டப்பட்டு நடந்து வருகிறவனுக்கு அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியிருக்கும்.

வழி நெடுக யோசிக்க நேரம் இருந்திருக்கும். நான் சமணன் இல்லை, சும்மா குளித்துக்கொண்டிருந்தேன் என்று சாதிக்கலாம். நெற்றியில் மறுபடி நீறு பூசிக்கொள்ளலாம். யாரையாவது காட்டிக்கொடுக்கலாம். பக்கத்து வீட்டில் அடுப்புப் புகை எழுவதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அகப்பட்டவன் முன்னால் எப்போதும் இந்த மூன்று கதவுகள் திறந்தே இருக்கும்.

கோட்டைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அங்கே அவர் எதிர்பார்த்த அமைதி இல்லை.

பிள்ளை பிறந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் ஆள் நடமாட்டம். ஓடுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், காரணமில்லாமல் குறுக்கும் நெடுக்கும் போகிறவர்கள். எல்லோர் முகத்திலும் தூக்கமில்லாத ஒரு பளபளப்பு. அரண்மனை என்றால் அது பத்து மடங்கு.

நாயக்கனுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே ஈர வேட்டியோடு ஒரு கைதி. இவன் சமணன், குளத்தில் கையும் களவுமாகப் பிடித்தோம் என்று ஆட்கள் சொல்கிறார்கள். ஆணை போட்டவன் எதிரிலேயே இருக்கிறான். ஒரு விரல் அசைந்தால் போதும்.

இந்த ஒரு கணம்தான் என் கதை. இதைச் சொல்லத்தான் இத்தனை வாரமாகச் சுற்றி வந்தேன்.

அந்த நாயக்கனின் மனசுக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம். அவனை வெறும் அரக்கனாக்கிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. இவன் எங்கே காயப்பட்டான்? குலத்தில். உனக்குப் பெண் கொடுக்கிற குலம் நாங்கள் இல்லை என்று ஒரு திண்ணை சொன்னது. அந்தக் காயம் ஆறாமல்தான் இத்தனை தலைகள் உருண்டன. ஒவ்வொரு தலை விழும்போதும் ஆறிவிடும் என்று நினைத்திருப்பான். ஆறவில்லை.

இன்று உள்ளே தொட்டிலில் ஒரு குழந்தை அழுகிறது. யார் மதித்தாலும் மதிக்காவிட்டாலும் அவன் குலம் தழைத்துவிட்டது.

அந்தக் காயத்துக்கு முதல்முறையாக மருந்து கிடைத்த நாள் அது.

பிள்ளை பிறந்த நாளில் வாசலில் ரத்தம் சிந்தக் கூடாது என்ற பயமும் இருந்திருக்கலாம். குழந்தைக்காக ஒரு புண்ணியம் என்ற கணக்கும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் சரி.

விடச் சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். விசாரணை இல்லை, நிபந்தனை இல்லை. போ என்று விட்டுவிட்டார்கள்.

குளக்கரையில் அகப்பட்டவர், பெயர் தெரியாத ஒரு பச்சைக் குழந்தையின் புண்ணியத்தில் தலையோடு வெளியே வந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். உயிர் பிழைத்த கதைகள் ஊருக்கு நூறு இருக்கின்றன. செஞ்சிக்கோ கேட்கவே வேண்டாம். முற்றுகைகளைக் கண்ட கோட்டை அது. இதைவிடப் பெரிய தப்பித்தல்களை வரும் வாரங்களில் சொல்லப்போகிறேன். இந்த மனிதரை நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணம், கோட்டை வாசலைத் தாண்டியபின் அவர் செய்த காரியம்.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? நேரே வீட்டுக்கு ஓடியிருப்போம். கதவைச் சாத்தியிருப்போம். நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு, இனி அந்தக் குளத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலை ஒன்றுதான் இருக்கிறது.

ஆனால் அவருக்கு அது முடியாது. முகம் தெரிந்துபோயிற்று. இந்த ஆள் சமணன் என்பது அரண்மனைக்கே தெரியும். நாயக்கனின் சந்தோஷம் எத்தனை நாளைக்கு? குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? விட்டது தப்பு என்று எவனாவது காதில் ஓதினால்? வீட்டுக்குப் போவது நாளை எண்ணிக்கொண்டு உட்காருவதற்குச் சமம்.

ஓடியே ஆக வேண்டும். சரி, எங்கே ஓடுவது?

எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். தெற்கே சோழநாட்டில் சமண ஊர்கள் இருந்தன. பெயரை மாற்றிக்கொண்டு ஒரு மூலையில் பயிர் செய்து பிழைத்திருக்கலாம். அவர் மேற்கே திரும்பினார். சிரவணபெளகொளாவுக்கு.

அடைக்கலம் தேடி இல்லை. படிக்க.

வேலூர்க் குளத்தில் நின்றவருக்கு வணங்கத் தெரியும். ஏன் வணங்குகிறோம் என்று நாலு பேருக்கு எடுத்துச் சொல்லத் தெரியுமா? ஏடு பார்த்து விளக்கத் தெரியுமா? சொல்லித்தர வேண்டியவர்கள் ஒன்று செத்துவிட்டார்கள், அல்லது நாட்டைவிட்டே போய்விட்டார்கள். நீறு பூசிக்கொண்ட தகப்பனுக்கு உள்ளே அருகன் இருக்கிறான். அந்தத் தகப்பனின் பிள்ளைக்கு? அவனுக்கு நீறு மட்டும்தான் தெரியும். நாயக்கன் இனி ஒரு தலையைக்கூட எடுக்க வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். ஒரு தலைமுறையில் எல்லாம் தானாக முடிந்துவிடும்.

தலை தப்பிய மனிதர் இதைத்தான் பார்த்தார் என்பது என் எண்ணம். ஊருக்குத் தேவை ஒரு வாத்தியார். அப்படி ஒருவர் கிடையாது. ஆகவே, தானே ஆகிவிட வேண்டும்.

இந்த இடத்தில் உங்களை ஒரு குன்றுக்கு அழைத்துப் போக வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், கதைக்கு வெளியே இல்லை இது.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற பக்கம் திருநாதர்குன்று என்று ஒரு பாறைக் குன்று. கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. 2025ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் செஞ்சிக் கோட்டையைச் சேர்த்த பிறகு அங்கே கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் ஒரு நாள் காலை வெயில் ஏறுவதற்குள் இந்தக் குன்றுக்கும் ஏறிப் பாருங்கள். பெரிய பாறை ஒன்றின் முகத்தில் தீர்த்தங்கரர் இருபத்து நான்கு பேர், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவசரமே இல்லாத முகங்கள். பக்கத்துப் பாறையில் சில வரி எழுத்து.

அந்த எழுத்து ஒரு ஆசிரியரின் நினைவுக்கல்.

சந்திரநந்தி ஆசிரிகர் என்று பெயர். ஆசிரிகர் என்ற சொல்லைத்தான் இன்று ஆசிரியர் என்கிறோம். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து அந்தப் பாறையில் உயிர் விட்டார். நாம் வடக்கிருத்தல் என்று படித்திருக்கிறோமே, அதேதான். அவர் இருந்த இடத்தை நிசீதிகை என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். எழுத்தின் வடிவைப் பார்த்து ஆறாம் நூற்றாண்டு வாக்கு என்று கணிக்கிறார்கள். தமிழின் ‘ஐ’ என்ற எழுத்து கல்வெட்டில் தென்படும் மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று. ஐம்பத்தேழு என்ற எண்ணின் முதல் எழுத்தாக! அதே குன்றில் பிற்காலத்தில் இளைய பட்டாரர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்து உயிர் விட்டதற்கும் கல்வெட்டு இருக்கிறது.

நான் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஆழமாக வெட்டவில்லை. வெயில் சாய்வாக விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். செஞ்சியில் எத்தனையோ ராஜாக்கள் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் முந்தி, ஒரு வாத்தியாரை மறக்கக் கூடாது என்று யாரோ உளியை எடுத்திருக்கிறார்கள். எந்த மாணவனோ!

தமிழ் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. நம் பாட்டன்மார் மனப்பாடம் செய்த நன்னூலை எழுதிய பவணந்தியும் ஒரு சமண முனிவர்தான். இலக்கணத்துக்குள் நுழைவதற்கு முன்னாலேயே நல்ல ஆசிரியன் யார் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மேலே போகிறார். வேலூர்க்காரர் வளர்ந்தது இந்த மண்ணில். வாத்தியாரைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் வைத்து வணங்குகிற மண்.

சரி, மேற்கே போனவரைப் பிடிப்போம்.

செஞ்சியிலிருந்து சிரவணபெளகொளாவுக்கு இன்று வண்டியில் போனாலே ஒரு பகல் பிடிக்கும். அவர் போனது நடந்து. மலை ஏறி, மொழி மாறி, சோறு மாறி. ஒரு நாள் அந்த மொட்டைப் பாறைக் குன்று கண்ணில் படுகிறது. உச்சியில் பாகுபலி. ஐம்பத்தேழு அடி. அண்ணனோடு நடந்த போட்டியில் ஜெயித்து, ஜெயித்த அந்தக் கணத்திலேயே நாட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு நின்றவன். நின்றபடியே தவம் செய்ததில் கால்களில் கொடி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்வித்தவன் சாமுண்டராயன், கங்க அரசனின் அமைச்சன், படைத்தலைவன். பல போர்களைப் பார்த்து வந்தவன். சண்டையில் பழுத்த ஒருவன், சண்டையை விட்டவனுக்கு எடுத்த சிலை!

அந்தப் பாதத்தின் அருகே கன்னடத்தில் எழுதியிருக்கும். மராத்தியில் எழுதியிருக்கும். தமிழிலும் எழுதியிருக்கும். சாமுண்டராயன் செய்வித்தான் என்று. இன்றும் பார்க்கலாம்.

மொழி தெரியாத சீமையில், தலை தப்பி ஓடிவந்த மனிதர், அந்தப் பெரிய காலடியில் குனிந்தபோது அதைப் பார்த்திருப்பார்.

அங்கேயே தங்கினார். ஏடு படித்தார். துறவு பூண்டார். அங்கேதான் அவருக்கு நமக்குத் தெரிந்த பெயர் வருகிறது.

வீரசேனாசாரியர்.

வீரமும் சேனையும் சேர்ந்த பெயர். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னால் இதே பெயரில் இன்னொரு பேராசான் இருந்தார். தவளா என்ற மாபெரும் உரையை எழுதியவர். சமண உலகில் அந்தப் பெயருக்கு அவ்வளவு கனம் உண்டு. வேலூர்க் குளத்தில் உதடு மட்டும் அசைய வணங்கியவருக்கு இப்போது அந்தப் பெயர்! ஐந்து வணக்கங்களில் மூன்றாவது யாருக்கு என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? ஆசாரியருக்கு. தினமும் அவர் கும்பிட்ட இடத்தில் இப்போது அவரே நிற்கிறார்.

இனி செஞ்சிச் சீமையை மறந்துவிட்டு அங்கேயே இருந்திருக்கலாம். மலை இருக்கிறது, ஏடு இருக்கிறது, மாணவர்கள் வருவார்கள். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒருவர் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்.

கங்கைய உடையார். செஞ்சி வட்டாரத்துத் தாயனூர்க்காரர். தலைவெட்டு ஆணை வந்ததும் தெற்கே ஓடி, உடையார்பாளையம் ஜமீனில் அடைக்கலம் புகுந்தவர். அந்த ஜமீன்தார் இவரைக் காப்பாற்றியதோடு நிலமும் கொடுத்தார். செஞ்சி நாயக்கனின் பகையை விலைக்கு வாங்குகிற காரியம் அது. அந்த ஜமீன்தாருக்கு ஒரு தனி வாரம் ஒதுக்கியிருக்கிறேன், இப்போது வேண்டாம்.

கங்கையருக்கு என்ன குறை? நிலம் இருக்கிறது. பாதுகாப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நாயக்கன். ஆனால் தாயனூரிலும் பெருமண்டூரிலும் விழுக்கத்திலும் விட்டுவந்த சனங்கள் நீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரவில் அது தூங்கவிடவில்லை. கை கொஞ்சம் ஊன்றிக்கொண்டதும் புறப்பட்டுவிட்டார்.

படையைத் தேடிப் போகவில்லை. பணத்தைத் தேடிப் போகவில்லை.

ஒரு வாத்தியாரைத் தேடிப் போனார்.

சிரவணபெளகொளாவில் இருவரும் சந்தித்தார்கள். ஒரே சீமையிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர். ஒருவர் தெற்கே ஓடினவர், ஒருவர் மேற்கே ஓடினவர். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கற்பனை பண்ணப்போவதில்லை. அந்தப் பேச்சு அவர்களுடையது. தமிழில் பேசியிருப்பார்கள், அது மட்டும் நிச்சயம். எத்தனை நாளுக்குப் பிறகோ!

பேச்சு முடிந்தபோது வீரசேனர் எழுந்துகொண்டார்.

திரும்பிப் போவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்தான் அந்த வாசலில் நின்றவர். ஒருமுறை ஒரு குழந்தை காப்பாற்றியது. நாயக்கன் வீட்டில் ஒவ்வொரு முறையும் குழந்தை பிறந்துகொண்டிருக்காது.

இந்த முறை மறைந்துகொள்ளவும் முடியாது. அன்று குளத்தில் நின்றபோது அவர் ஒரு சாதாரண இல்லறத்தார். முகம் கழுவினால் சமணர், நீறு பூசினால் சைவர். இன்று கையில் மயிற்பீலி. நடக்கும் வழியில் எறும்பு, பூச்சி மிதிபடாமல் மெதுவாகத் தள்ளிவிடுகிற பீலி. இன்னொரு கையில் கமண்டலம். அந்தப் பீலி பச்சையும் நீலமுமாக வெயிலில் மின்னும். அரை மைல் தூரத்தில் வரும்போதே சமணத் துறவி வருகிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

நெற்றி நீற்றில் ஒளிந்திருந்த மனிதர், அந்தப் பீலியைப் பிடித்துக்கொண்டு அதே சீமைக்குள் நடந்து வருகிறார்.

பார்சுவநாதரின் உலோகத் திருமேனி ஒன்றும் சிரவணபெளகொளாவிலிருந்து வருகிறது. அதை வேலூர்க் கோயிலில் வைத்திருக்கிறார்கள் என்று 1906ல் வெளியான தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரில் பதிவாகியிருக்கிறது. அதே பக்கங்களில் இன்னொரு சின்னக் குறிப்பும் உண்டு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். தாயனூர்க் கங்கைய உடையார் வம்சத்தாருக்கு விழாக்களில் முதல் வெற்றிலை பாக்கு. மேல்சித்தாமூர் சமண மடத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் வார்த்தைக்கு முதலிடம்.

நானூறு வருஷம் கழித்தும் முதல் வெற்றிலை! இந்தக் குடும்பம் போர் ஜெயிக்கவில்லை. கோட்டை கட்டவில்லை. ஒரு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

வெற்றிலை பிற்காலத்துக் கதை. நாம் இன்னும் எல்லையில்தான் நிற்கிறோம். அந்தக் காலைக்குத் திரும்புங்கள்.

முதல் ஊர். காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் தெருவில் நுழைகிறார்கள். முன்னால் பீலியோடு ஒருவர்.

இந்தத் துறவிகளின் சாப்பாட்டு முறை தெரிந்தால்தான் அடுத்து வருவதன் கனம் புரியும். ஒரு நாளைக்கு ஒரே வேளை. நின்றபடி, சேர்த்துப் பிடித்த இரண்டு கைகளில் வாங்கி உண்பார்கள். தட்டு கிடையாது, பாத்திரம் கிடையாது. முக்கியமானது இது: கேட்கமாட்டார்கள். பேசாமல் தெருவோடு நடப்பார்கள். யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்று முறைப்படி அழைத்தால்தான் நிற்பார்கள். அழைக்காவிட்டால் பட்டினியோடு போய்விடுவார்கள்.

அழைப்பது யார்? அந்த முறை தெரிந்தவர். அதாவது, சமணர்.

புரிகிறதல்லவா? இந்தத் தெருவில் எவராவது கை கூப்பி அவரை அழைத்தால், அந்த நொடியில், ஊர் பார்க்க, தான் யார் என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். ஆணை இன்னும் உயிரோடு இருக்கிறது. நாயக்கனின் ஆட்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது.

கங்கையர் கூடவே வருகிறாரே, அவர் இடலாமே என்பீர்கள். இடலாம். அதற்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள்?

வீரசேனர் நடக்கிறார். முதல் வீடு. கதவு சாத்தியிருக்கிறது. இரண்டாவது வீடு. உள்ளே யாரோ இருக்கிற அரவம், வெளியே வரவில்லை. மூன்றாவது வீடு.

மூன்றாவது வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவர். நெற்றி நிறைய நீறு. மார்பில் பூணூல் இல்லை. அவர் கண் பீலியில் போய் நிற்கிறது. அதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ.

தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருக்கிறார்.

வாசலுக்கு இறங்கப்போகிறாரா? உள்ளே போய்க் கதவைச் சாத்தப்போகிறாரா?

(அடுத்த வாரம்)